நத்தைக்குப் போட்ட உப்பு

தம்பி,

ஒக்லாந்துக்குள்ளேயே, எங்கள் சான்ட்ரிங்ஹாமிலிருந்து உங்கள் பக்குரங்காவுக்குக் காரில் அரை மணித்தியாலம். இந்தத் தூரத்துக்கு ஒருவன் கடிதம் எழுதுவானா என்று நீ சிரிப்பாய். டெலிபோன் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கே வந்து வயிறு முட்டச் சாப்பிட்டும் போயிருக்கிறேன். ஆனால் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வாய் சொல்ல மறுப்பதைக் கையாவது சொல்லட்டும் என்றுதான் எழுதுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கதையைப் பிறகு ஆறுதலாக வாசி. நீங்கள் குடிபுகுந்த அன்று நான் கொண்டுவந்து வைத்த அந்தச் சாடி உப்பைச் சுபா இனிமேல் சமையலுக்குப் போடக் கூடாது. இன்றைக்கே நிறுத்த வேண்டும். அயடின் சேர்த்தது என்று பக்கெட் உறையில் எழுதியிருக்கும் உப்பைத்தான் போட வேண்டும். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவள், மீனும் முட்டையும் தொடாமல் வளர்ந்தவள். அவளுக்கு நான் ஆசையாகக் கொடுத்தது சரியான உப்பு அல்ல.

அம்மாவுக்கு ‘சும்மா ஒரு செக்கப்’ என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். அது சும்மா அல்ல. கழுத்தில் தைராய்டுச் சுரப்பி வீங்கியிருக்கிறது. கழுத்துக் கழலை என்பார்களே, அது. சுரக்க வேண்டியது போதியளவு சுரக்காமல் உடம்பே மந்தமாகிக் கிடந்திருக்கிறது. குளிசை விழுங்கத் தொடங்கியாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். உனக்கு உடனே சொல்லாததற்கு உன் வேலையும் காரணமில்லை, சுபாவின் நிலையும் காரணமில்லை. சொன்னால், ‘எதனால் வந்தது?’ என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குத்தான் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

உன் கலியாண அல்பத்தை எடுத்துப் பார். நாங்கள் இருவரும் உங்களுக்கு அறுகரிசி போடும் படம் ஒன்று இருக்கிறது. அதில் அம்மாவின் கழுத்தில் அட்டியல் இல்லை, நீளச் சங்கிலிதான் இருக்கிறது. எங்கள் கலியாணத்துக்கு அவளுடைய ஐயா செய்து போட்ட அட்டியல் அது. கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும். உன் கலியாணத்துக்குப் போட வேண்டும் என்றே அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். அன்று காலை கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, இந்தக் கொளுக்கியை ஒருக்காப் பூட்டி விடுங்கோ. எனக்கு எட்டுதில்லை.”

நானும் இழுத்துப் பார்த்தேன். இரண்டு முனையும் சேரவில்லை. “வயசு போகப் போகக் கழுத்தும் கொழுக்குது. பட்டரைக் குறை எண்டு சொன்னா எங்க கேக்கிறாய்?” என்றேன். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், அட்டியலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தம்பி, அந்த நேரம் என் விரல்கள் அந்த வீக்கத்தின் மேலேயே இருந்தன. நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னாலேயே எத்தனையோ அடையாளங்கள் இருந்தன. கோடை வெயிலிலும் கார்டிகனைக் கழற்ற மாட்டாள். தலைமயிர் சீப்போடு கழன்று வரும். சமைத்து முடித்ததும் குசினிக் கதிரையில் குந்தினால் எழும்புவதற்கு மேசையைப் பிடிக்க வேண்டும். சொன்னதை மறப்பாள், இருந்த இடத்திலேயே கண் அயர்வாள். ‘நித்திரைப் பிசாசு’ என்று நான் பெயர் வைத்தேன். வீட்டில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தோம். நீயும் சிரித்தாய், ஆனால் பெயர் வைத்தவன் நான். இந்த நாட்டுக் கிழவிகளைப் பார், மலை ஏறுகிறார்கள் என்று சொல்லிப் பின்னேரங்களில் அவளைப் பார்க்கைச் சுற்றி நடக்க வைப்பேன். மூச்சு வாங்க எனக்குப் பின்னால் வருவாள். நான் திரும்பிப் பார்த்து, “கெதியா வா” என்பேன். இப்போது அந்தப் பார்க்கைக் கடந்து காரில் போகும்போது வேறு பக்கம் பார்க்கிறேன்.

டாக்டரின் அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனை முடிவையும் வைத்துக்கொண்டு, வீட்டில் என்ன உப்புப் பாவிக்கிறீர்கள் என்று அந்தப் பெண் டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திவிட்டேன். “இயற்கையான கடல் உப்புத்தான் டாக்டர். கடையில் விற்கிற மருந்துத் தூளை நாங்கள் வீட்டுக்குள் எடுப்பதில்லை” என்று எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீசில் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். மீன் சாப்பிடுவீர்களா என்று அடுத்ததாகக் கேட்டார். அம்மா இல்லை என்று தலையசைத்தாள்.

பிறகு அவர் விளக்கினார். இந்த நாட்டு மண்ணில் அயடின் குறைவு. மண்ணில் இல்லாதது மரக்கறியில் எப்படி வரும்? அதனால்தான் இங்கே நெடுங்காலமாக உப்பில் அதைச் சேர்த்து விற்கிறார்கள். கடல் நீரில் அயடின் இருந்தாலும், காய்ந்து உப்பாகும்போது அதில் பேருக்குத்தான் மிஞ்சுமாம். நான் ஊரில் பெரிய வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பித்தவன். அயடினைச் சூடாக்கி ஊதா நிறப் புகையைக் காட்டிப் பிள்ளைகளை வாய் பிளக்க வைத்தவன். கடற்பாசியிலிருந்து அயடின் எடுப்பார்கள் என்று கரும்பலகையில் எழுதியவன். பாசியில் இருந்தால் கடலில் இருக்கும், கடலில் இருந்தால் கடல் உப்பிலும் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். ‘உப்பு மட்டும்தான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல முடியாது’ என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு தப்பலாம் என்று சில நாள் பார்த்தேன். முடியவில்லை. ஏனென்றால் அம்மா ஒருமுறை சரியான உப்பை வாங்கி வந்தாள், நான்தான் அதைத் தடுத்தேன்.

உனக்கு அது நினைவிருக்கும். நீ யூனிவர்சிட்டிக்குப் போகத் தொடங்கிய வருஷம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவோடு கதைப்பாள். தன்னுடைய தாய்க்குக் கழுத்து வீங்கியிருந்தது, அயடின் உப்பு வந்த பிறகுதான் அந்த வருத்தம் குறைந்தது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அம்மா அந்த உப்பில் ஒரு பக்கெட் வாங்கி வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தேன். கட்டிபடாமல் இருக்க இன்ன நம்பர்ப் பொருள் சேர்த்தது என்று போட்டிருந்தது. உடனே இரண்டு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் என்னுடைய கல் உப்பு, மற்றதில் அந்தப் பக்கெட் உப்பு. கலக்கிவிட்டு யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பக்கெட் உப்புக் கரைந்த தண்ணீர் கஞ்சித்தண்ணி போலக் கலங்கி நின்றது. மற்றது தெளிவாக இருந்தது.

“உங்கட கிளாஸிலயும் அடியில மண் கிடக்குது” என்றாள் அம்மா.

“அது கடலின்ர மண். நல்லது. இது ஆரின்ர மண்?”

அப்போதுதான் நீ சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து நின்றாய். “அப்பா, இது எக்ஸ்பெரிமென்ட் இல்லை, ஷோ. தண்ணி கலங்கிறதுக்கும் உடம்புக்குக் கூடாது எண்டிறதுக்கும் என்ன சம்பந்தம்? எதை வைச்சுச் சொல்றீங்கள்?” என்று கேட்டாய். சரியான கேள்வி. என் வகுப்பில் அப்படி ஒருவன் கேட்டிருந்தால் அவனைத் தோளில் தூக்கி வைத்திருப்பேன். உன்னிடம் என்ன சொன்னேன்? “எனக்கு நீ கெமிஸ்ட்ரி படிப்பிக்கப் போறியோ?” என்று கத்தினேன். நீ கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாய். அதற்குப் பிறகு நீ என்னை எதிர்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டான், மரியாதை வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

அந்தப் பக்கெட்டை என்ன செய்தேன் தெரியுமா? கொத்தமல்லிப் பாத்தியை நத்தை தின்றுகொண்டிருந்தது. ஓடில்லாத, வழுவழுவென்று ஊர்கிற நத்தை. பாத்தியைச் சுற்றி அந்த உப்பைக் கொட்டினேன். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற கிழவிக்குக் கையும் காட்டினேன். உன் அம்மாவின் உடம்புக்குத் தேவையாக இருந்ததை எடுத்து நத்தைக்குப் போட்டவன் நான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாட்டுச் சொல்வதற்கு இல்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பாபகூராவில் இருக்கும் தொழிற்சாலையில், பெட்டிகளை அடுக்கும் இடத்தில் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எடு என்பார்கள், வை என்பார்கள். ஊரில் ‘சேர், சேர்’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ஒக்லாந்தில் எனக்கு மிஞ்சிய ஒரே வகுப்பறை எங்கள் குசினி மேசை. அங்கே இருந்த மாணவி ஒருத்திதான், உன் அம்மா. அவளிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை.

மீன் கதையை எழுதலாமா விடலாமா என்று கனநேரம் யோசித்தேன். ஒளித்து ஒளித்துத்தான் இவ்வளவும் வந்தது, அதனால் எழுதுகிறேன். நாங்கள் இங்கே வந்து, நீ விசா கிடைக்காமல் கொழும்பில் மாமா வீட்டில் நின்ற காலத்தில், நீ பத்திரமாக வந்து சேரும்வரை மீன் தொடுவதில்லை என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்தாள். நீ வந்த பிறகும் அவளால் திரும்ப மீன் தின்ன முடியவில்லை, வாடை பிடிக்கவில்லை என்றாள். இதை நீ உன் தலையில் தூக்கி வைக்காதே. தாய் நேர்வது அவள் இஷ்டம். அவள் மீனை விட்ட பிறகு அவளுக்கு வேறு எதிலிருந்து என்ன கிடைக்கும் என்று பார்த்திருக்க வேண்டியவன் நான். நான் என்ன செய்தேன்? வெள்ளிக்கிழமை சம்பளம் எடுத்துக்கொண்டு வரும் வழியில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் தனியே நின்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அவளுடைய விரதத்தைக் கெடுக்கக் கூடாதாம்! ஒரே சாடி உப்பைத்தான் இருவரும் தின்றோம். எனக்கு ஒன்றும் வராததற்கு அந்த மீன்தான் காரணமாக இருக்கும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்வதென்றுதான் புறப்பட்டேன். காரில் வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சுபா இலை போடாத குறையாகப் பரிமாறினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பி, அந்த உப்பு…” என்று தொடங்கினேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. “சுபா, அப்பாவின்ர எக்ஸ்பெரிமென்டை நீர் இன்னும் பாக்கேல்லை எல்லோ?” என்று எழும்பினாய். டேக்அவே கடையில் தந்த சின்ன உப்புப் பக்கெட்டுகளைத் தேடி எடுத்தாய். இரண்டு கிளாஸ், இரண்டு உப்பு. என்னைப் போலவே யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். ஒருகாலத்தில் என் முகத்துக்கு நேரே ‘ஷோ’ என்று சொன்ன பிள்ளை, என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக அதே ஷோவைச் செய்து காட்டினாய். உன் கண்ணில் அவ்வளவு பெருமை.

“அதுதான் மாமா, நீங்கள் தந்த உப்பை விட்டு நான் வேற வாங்கேல்லை” என்றாள் சுபா. “எங்கட அம்மாவுக்கும் கொஞ்சம் குடுத்தனான். குடிபுக வந்த உப்பெல்லோ, கொட்டவும் மனம் வராது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்பு அளவா இருக்குது, பிள்ளை” என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பாதி வழியில், “நீங்கள் சொல்லுவீங்களோ, நான் சொல்லட்டோ?” என்று கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். அவள் சொல்லியிருந்தால் என்னைக் காப்பாற்றித்தான் சொல்லியிருப்பாள்.

ஆகவே கேள், தம்பி. உப்பு உப்பாக இருந்தால் போதும், அதில் நம்முடைய மானத்தைக் கலக்கத் தேவையில்லை. நான் இகழ்ந்த பக்கெட் உப்பும் இந்த நாட்டுக் கடல் தண்ணீரை வெயிலில் காயவிட்டு எடுத்ததுதானாம். கல்லாக இருந்தாலும் தூளாக இருந்தாலும் உங்கள் விருப்பம், அயடின் சேர்த்ததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். எங்கள் ரோட்டில் இருக்கும் இந்தியக் கடைக்காரர் இந்துப்பு உசத்தி என்பார், வேறொருவர் கறுப்பு உப்பு என்பார். ஆசைக்கு வைத்திருங்கள், அன்றாடச் சமையலுக்கு வேண்டாம். சுபாவிடம் சொல், அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல் மூடி வைக்க வேண்டும், கறியை இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார். நல்ல உப்பு என்பதற்காக அள்ளிப் போடவும் கூடாது. இதை நான் சொன்னேன் என்று செய்யாதே. சுபாவைப் பார்க்கும் டாக்டரிடம், அவள் என்ன சாப்பிடுகிறாள், என்ன உப்புப் போட்டாள் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேள். அவளையே பதில் சொல்ல விடு. நீ முந்தாதே. சுபாவின் அம்மாவுக்கு நானே டெலிபோன் எடுத்துச் சொல்கிறேன், அந்த வெட்கம் எனக்குரியது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நத்தை, கிழவி, ஃபிஷ் அண்ட் சிப்ஸ் எல்லாம். மீன் விஷயம் அவளுக்கு எப்போதோ தெரியுமாம், என் சேர்ட்டில் மணக்குமாம். பிறகு, கேட்கப் பயந்த ஒன்றைக் கேட்டேன். “நான் வேண்டாமெண்டா நீ ஏன் விட்டனி? நான் வேலைக்குப் போன பிறகு வேற பக்கெட் வாங்கிப் போட்டிருக்கலாமே?”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “யோசிச்சனான். உங்களுக்குத் தெரிஞ்சா ஒரு சண்டை வரும். சண்டை பிடிக்க எனக்கு ஏலாமல் கிடந்ததப்பா. அவ்வளவு களைப்பு.”

கோபமாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வது போலச் சொன்னாள். நான் வெளியே போய்க் கொத்தமல்லிப் பாத்திக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். என்னோடு சண்டை பிடித்திருந்தால் அவள் சுகமாக இருந்திருப்பாள். அதற்குரிய பெலனையும் நானே அவளுக்கு இல்லாமல் செய்தேன்.

நீ அடுத்த முறை வரும்போது ‘பரவாயில்லை அப்பா’ என்று சொல்லாதே. அம்மாவுக்கு முன்னால் வைத்து, ‘எதை வைச்சுச் சொல்றீங்கள்?’ என்று என்னைக் கேள். அன்று கேட்ட அதே குரலில் கேள். எனக்குக் கோபம் வந்தாலும் விடாமல் கேள்.

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் குடிபுகுந்த அன்று சாடியை நிலத்தில் வைத்தேன், சுபா குனிந்து எடுத்தாள். இந்தக் கடிதத்தைக் கொண்டு நான் இன்றைக்கே பக்குரங்காவுக்கு வருகிறேன். கூடவே அம்மா தெரிந்தெடுத்த உப்புப் பக்கெட் ஒன்றும் வருகிறது. லெட்டர்பொக்ஸில் வைக்க மாட்டேன். கதவைத் தட்டி, உப்பைச் சுபாவின் கையிலேயே கொடுக்கப் போகிறேன். சண்டை வந்தால் வரட்டும். என் மருமகளுக்குச் சண்டை பிடிக்கிற தெம்பு இருக்க வேண்டும்.

அப்பா